தோற்கத் தெரிந்த வாதம்

மணிமேகலைக் காப்பியம் ஒரு முரசறைதலில் தொடங்குகிறது. புகார் நகரத்தில் 28 நாள் இந்திர விழா நடக்கப்போகிறது. யானையின் பிடரியில் முரசை ஏற்றிக்கொண்டு வள்ளுவன் வீதிவீதியாகச் செய்தி சொல்லிப் போகிறான். பழைய மணலை மாற்றிப் புது மணல் பரப்புங்கள், கமுகும் வாழையும் கரும்பும் நடுங்கள், கோயில்களில் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்று அடுக்கிக்கொண்டே வரும் அறிவிப்பில் சமயவாதிகளுக்கும் ஓர் அழைப்பு இருக்கிறது. அவரவர் சமயப் பொருளை எடுத்துப் பேசப் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள் என்கிறான். அதை அடுத்தே இன்னொன்றும் சொல்கிறான்: உங்களோடு ஒட்டாத பகைவரே எதிரில் வந்தாலும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுங்கள். வாதத்துக்கு அழைத்த வாயே கோபத்தையும் தடுக்கிறது. கூட்டம் சேரும் இடத்தில் கைகலப்பு வேண்டாம் என்ற காவல் ஏற்பாடாக இதைப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதற்கு மேலும் அதில் ஏதோ இருக்கிறது. சமயம் என்பது மனிதன் தன் உயிரையே கொண்டுபோய் வைத்திருக்கும் இடம். அதைப் பற்றி வாதாடு, ஆனால் உன் பக்கத்தின்மேல் பற்று வைத்து வாதாடாதே என்று அவனிடம் கேட்க முடியுமா? கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும், அப்படிக் கேட்பது அவனுடைய சமயத்துக்கே நல்லது என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் சொற்களைச் சற்றுத் துடைத்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்றைய பேச்சில் ‘தர்க்கம் பண்ணாதே’ என்றால் சண்டை போடாதே என்று அர்த்தம். ‘விதண்டாவாதம்’ என்பது ஏறக்குறைய வசை. இரண்டுமே ஒரு காலத்தில் அளந்து வைத்த கலைச்சொற்கள். கௌதமரின் நியாய சூத்திரம் எதிரெதிர் நின்று பேசுவதை மூன்றாகப் பிரிக்கிறது. இருவர் இரண்டு பக்கங்களை எடுத்துக்கொண்டு, சான்றையும் தர்க்கத்தையும் துணையாக வைத்து, உண்மை எது என்று தேடுவது வாதம். வெல்வதற்காகவே பேசுவது ஜல்பம். சொல்லைத் திரிப்பது, போலி ஒப்புமை காட்டுவது, எதிராளியைச் சிக்கவைப்பது எல்லாம் அதில் செல்லும். தனக்கென்று எதையும் நிறுவாமல் எதிராளியைத் தகர்ப்பதோடு நிற்பது விதண்டை. மண்டபத்துக்கு வெளியே நின்று கேட்பவனுக்கு வாதமும் ஜல்பமும் ஒன்றுபோலவே கேட்கும். இரண்டிலும் பக்கம் உண்டு, மறுப்பு உண்டு, குரல் உயர்வதும் உண்டு. பேசுகிறவன் எதை வேண்டிப் பேசுகிறான் என்பதில்தான் அவை பிரிகின்றன. ‘பக்கம்’ என்ற சொல்லே இதைச் சொல்லிவிடுகிறது. வடமொழியில் பட்சம் என்றால் சிறகு, அதனால்தான் பறவை பட்சி. ஒருவன் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்றுக்கும் அதே பெயர். ஒரு பக்கமாகச் சரிந்து விழுவது பட்சபாதம். பக்கம் எடுப்பதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை, பக்கம் இல்லாமல் வாதமே இல்லை. சரிந்து விழுவதுதான் குற்றம். கௌதமர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். உண்மையை அறிய விரும்புகிறவன் ஆசிரியரிடமும் உடன்மாணவரிடமும் பொறாமையற்ற அறிஞரிடமும் போய்ப் பேசட்டும். வேண்டுமானால் தனக்கென ஒரு பக்கத்தை நிறுத்தாமலேயே பேசி, அவர்கள் சொல்வதைக் கொண்டு தன் கருத்தைச் செம்மை செய்துகொள்ளட்டும் என்பது அவர் சூத்திரத்துக்கு உரையாசிரியர் காட்டும் பொருள்.

இது வேலையற்ற தத்துவவாதிகளின் நுட்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. நோயாளியின் உயிரைக் கையில் வைத்திருந்தவர்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். சரக சம்ஹிதை, வைத்தியர்கள் தமக்குள் பேசுவதை இணங்கிப் பேசுவது, பிணங்கிப் பேசுவது என்று இரண்டாக வகுக்கிறது. இணங்கிப் பேசும்போது அஞ்சாமல் கேள், அஞ்சாமல் பதில் சொல், தோற்றுவிடுவோமோ என்று கலங்காதே, வென்றால் துள்ளாதே, வெளியே போய் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாதே, மயக்கத்தால் ஒரே முனையைப் பிடித்துக்கொண்டு நிற்காதே என்று அந்நூல் இளம் வைத்தியனுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அதே நூலின் வேறோர் இடத்தில் ஒரு சபை கூடுகிறது. மனிதன் எதிலிருந்து தோன்றினானோ அதிலிருந்துதான் அவனுடைய நோயும் தோன்றுகிறதா என்று காசி மன்னன் வாமகன் கேட்கிறான். ஒருவர் ஆன்மாவே காரணம் என்கிறார். அடுத்தவர் அதை மறுத்து மனம் என்கிறார். பிறகு ரசம், தாய் தந்தையர், வினை, இயல்பு, காலம் என்று ஒவ்வொருவரும் முன்னவரைத் தள்ளிவிட்டுத் தம்முடையதை வைக்கிறார்கள். எல்லோரும் பேசி ஓய்ந்தபின் புனர்வசு ஆத்ரேயர் குறுக்கிடுகிறார். பக்கத்தைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு உண்மை எளிதில் கிட்டாது. தம் வாதத்தையும் எதிர்வாதத்தையும் முடிந்த முடிவாகப் பேசுகிறவர்கள் எள்ளாட்டுகிறவனைப் போலச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள் என்கிறார். செக்கு ஓடிய இடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையின் கனம் தெரியும். தரையில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மாடு அதற்குள்ளேயே நடக்கும், ஆட்டுகிறவனும் அதோடு சுற்றுவான். பொழுது சாயும்போது கணக்குப் பார்த்தால் பல காதம் நடந்திருப்பார்கள், நின்ற இடம் மாறியிருக்காது. ஆத்ரேயர் கடைசியில் தரும் விடை, எந்த ஒருவருடைய காரணத்தையும் தனியே உயர்த்தாத விடை: எவை நல்ல விதமாகக் கூடினால் மனிதன் உண்டாகிறானோ, அவையே கெட்ட விதமாகக் கூடினால் நோய் உண்டாகிறது. தடத்தைவிட்டு வெளியே வந்து நின்ற ஒருவருக்குத்தான் அந்த விடை கண்ணில் பட்டது.

பற்று வந்தால் வாதத்தில் எது கெடுகிறது என்று இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதலில் காது கெடுகிறது. எதிராளி பேசும்போது அவர் சொல்வது என்ன என்று கேட்காமல், எந்த இடத்தில் அவரை மடக்கலாம் என்றே கேட்கிறோம். அடுத்து, தோல்வியின் பொருள் மாறிவிடுகிறது. கூற்று தோற்றால் நானே தோற்றதாகிவிடும் என்பதால், கூற்றைக் காக்க எதுவும் செய்யலாம் என்ற நிலைக்கு இறங்குகிறோம். வாதம் ஜல்பமாக மாறுவது அந்த நொடியில்தான். கடைசியாகப் பிழை வேரூன்றிவிடுகிறது, ஏனென்றால் அதைப் பிடுங்கினால் வலிக்கும். 1979இல் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இதைக் கண்முன் நிறுத்துகிறது. மரண தண்டனையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களுமாக 48 மாணவர்களிடம் இரண்டு ஆய்வுச் சுருக்கங்களைத் தந்தார்கள். தண்டனை கொலையைக் குறைக்கிறது என்றது ஒன்று, குறைக்கவில்லை என்றது மற்றொன்று. இரு தரப்பும் ஒரே தாள்களைத்தான் படித்தன. தனக்கு ஒத்துவந்த ஆய்வு செம்மையானது, ஒத்துவராதது ஓட்டை நிறைந்தது என்று ஒவ்வொரு தரப்பும் கண்டது. படித்து முடித்தபோது இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடியிருந்தது. 1984இல் வந்த தொடர் ஆய்வு இன்னும் முக்கியமானது. முடிந்தவரை நடுநிலையோடு படியுங்கள் என்று சிலருக்குச் சொன்னார்கள், அதனால் பயன் இல்லை. இதே ஆய்வு இதே முறையில் நடந்து, முடிவு மட்டும் நேர்மாறாக வந்திருந்தால் அதை இப்படித்தான் எடைபோட்டிருப்பீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுப்பாருங்கள் என்று வேறு சிலருக்குச் சொன்னார்கள். அவர்களிடம் சாய்வு சரியானது. காய்தல் உவத்தல் இல்லாமல் பார்க்க வேண்டும் என்ற நல்லெண்ணம் மட்டும் போதாது, எதிர்ப்பக்கத்தில் போய் நின்று பார்க்கும் பயிற்சி வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

அந்தப் பயிற்சிக்கு இந்தியத் தத்துவ மரபு வைத்த பெயர் பூர்வபட்சம். தன் கொள்கையைச் சொல்வதற்கு முன்னால் எதிராளியின் கொள்கையை, அவரே கேட்டால் ஆமாம் என்று தலையாட்டும்படி, எடுத்துச் சொல்லியாக வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதிகளாக இருக்கிறது. முதலில் பிறர் பக்கம், அப்புறம்தான் தன் பக்கம். உலகாயதர், பௌத்தர், சமணர், ஆசீவகர், மீமாம்சகர், மாயாவாதி என்று ஒவ்வொருவரையும் பேசவிட்டபின்தான் அவர் மறுக்கத் தொடங்குகிறார். சைவ சித்தாந்தத்தை மட்டும் கற்க வந்த மாணவனும், கடவுளே இல்லை என்ற உலகாயதனின் வாதத்தைக் கேட்டுவிட்டே உள்ளே போக வேண்டும் என்பது நூலின் அமைப்பு. ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வாசஸ்பதி மிச்ரர் இன்னும் தூரம் போனார். நியாயம், சாங்கியம், யோகம், மீமாம்சை, அத்வைதம் என்று தம்முள் முரண்படும் தரிசனங்கள் ஒவ்வொன்றுக்கும், அந்தந்தத் தரிசனக்காரர் ஏற்றுக்கொள்ளும் உரையை அவர் எழுதினார். அந்த உரைகள் இன்றும் அந்தந்த மரபுகளில் பாடமாக இருக்கின்றன. ஒரு வீட்டுக்குள் நுழையும்போது மற்ற வீட்டுச் செருப்பை வாசலில் விட்டுவரத் தெரிந்தவர் அவர்.

எதிராளியை நேர்மையாகச் சொல்லும் பழக்கத்தால் அறிவுலகம் அடைந்த லாபத்துக்குத் தமிழிலேயே ஒரு சான்று உண்டு. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக எண்ணப்படும் குண்டலகேசி பௌத்த நூல். அதை மறுக்கவே எழுந்தது நீலகேசி என்னும் சமண நூல். குண்டலகேசி முழுதாக நம் கைக்கு வரவில்லை. புறத்திரட்டில் தொகுக்கப்பட்ட சில பாடல்கள் போக, அந்த நூலைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி நீலகேசியும் அதன் உரையும் காட்டுவதுதான். மறுக்க எடுத்தவர்கள் மறுக்கப்படுவதைத் தூக்கி எறிந்துவிடவில்லை, எடுத்துக்காட்டி வைத்துவிட்டு மறுத்தார்கள். ஒரு மரபு அழிந்தபின் அதன் குரல் மிஞ்சியிருப்பது அதை எதிர்த்தவர் ஓலையில் என்றால், அந்த எதிரியிடம் வெறும் வெறுப்பு மட்டும் இருந்திருக்க முடியாது.

மணிமேகலையையே மறுபடி எடுத்துக்கொள்வோம். வஞ்சி நகரில் தவவேடத்தில் போகும் காப்பியத் தலைவி அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், பூதவாதி என்று பலரிடமும் அவரவர் சமயத்தைச் சொல்லக் கேட்கிறாள். பெரும்பாலும் கேட்பதோடு சரி. கண்ணால் காண்பது ஒன்றே பிரமாணம் என்ற பூதவாதியிடம் மட்டும், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்ற பொருளில் ஒரு கேள்வியைப் போடுகிறாள். பிறகு காஞ்சியில் அறவண அடிகளிடம் வருகிறாள். அடிகள் எடுத்த எடுப்பில் பௌத்த அறத்தைச் சொல்லிவிடுவதில்லை. பக்கம், ஏது, திட்டாந்தம் என்ற வாதத்தின் உறுப்புகளையும், பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று அவை எப்படியெல்லாம் பொய்த்துப்போகும் என்பதையும் ஒரு முழுக் காதையில் சொல்லிக்கொடுக்கிறார். அடுத்த காதையில்தான் அறம். சரக்கைக் கொடுப்பதற்கு முன் உரைகல்லைக் கொடுத்துவிடுகிறார். அந்தக் கல்லில் அவருடைய பொன்னையும் உரசிப் பார்க்கலாம். அந்தக் கடைசிக் காதையில் வரும் 12 சார்புகளில் 9ஆவது பற்று. பற்று நால்வகை என்பது பௌத்த மரபு. புலனின்பத்தைப் பற்றுவது அதில் ஒன்று என்றால், கொள்கையைப் பற்றுவது இன்னொன்று. துறவி வீட்டை விட்டான், சோற்றை விட்டான், ஆனால் ‘என் கொள்கை’ என்பதை விடவில்லை என்றால் அவன் இன்னும் கட்டுண்டவனே. சமயக் கண்ணோடு பார்த்தாலும் பற்றில்லாத வாதம் வெறும் நாகரிகம் அல்ல, அது சாதனையின் ஒரு பகுதி.

இதற்கு வரக்கூடிய எதிர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் எதிர்ப்பு: பற்றில்லாமல் வாதாடுகிறவன் எதையும் நம்பாதவன், இன்று இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம், கூலிக்குப் பேசும் நாக்கு. நம் பட்டிமன்றங்களைப் பார்த்தே பலருக்கு இந்த ஐயம் வந்திருக்கும். அணியை அமைப்பாளர் பிரித்துக் கொடுக்கிறார், பேச்சாளர் கொடுத்த அணிக்குப் பேசுகிறார். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல விதை இருக்கிறது. நான் நம்பாததற்கும் நல்ல காரணங்கள் இருக்கக்கூடும் என்பதைத் தேடித் தொகுத்துப் பேசிய பிறகுதான் பேச்சாளரே உணர்கிறார். குறை எங்கே வருகிறதென்றால், அந்தத் தேடல் கைதட்டலோடு முடிந்துவிடும்போது. பற்றின்மையும் அக்கறையின்மையும் வேறு வேறு. அக்கறையற்றவனுக்கு எந்தப் பக்கம் வென்றாலும் ஒன்றுதான். பற்றற்றவனுக்கு அப்படியில்லை, உண்மை வென்றாக வேண்டும் என்ற தவிப்பு அவனுக்கு உண்டு; அது தன் வாயிலிருந்து வர வேண்டும் என்ற நிபந்தனைதான் இல்லை. தராசைப் பிடிப்பவன் எடையில் அக்கறை உள்ளவன் என்பதால்தான் தட்டில் விரல் வைப்பதில்லை.

இரண்டாவது எதிர்ப்பு ஆழமானது. நம்பிக்கை என்பது வெறும் கூற்று அல்ல, அது உறவு. தாயைப் பற்றி யாராவது பூர்வபட்சம் எழுதுவார்களா என்று பக்தன் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அன்பை விவாதத்துக்கு வை என்று யாரும் சொல்லவில்லை. அன்பின்மேல் நாம் கட்டிவைக்கும் கூற்றுகளை, அதிலும் மற்றவர்களும் ஏற்க வேண்டும் என்று நாம் கேட்கும் கூற்றுகளைத்தான் சோதனைக்கு வைக்கச் சொல்கிறோம். இதில் அருணந்தியின் வரலாறாகச் சைவர்கள் சொல்லிவருவது மிகவும் பொருத்தமானது. அவர் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர், சைவ ஆசாரியர் மெய்கண்டாரின் குடும்பத்துக்குக் குலகுரு. திருவெண்ணெய்நல்லூரில் சிறுபிள்ளையான மெய்கண்டார் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேட்டுப் பார்க்கப் போகிறார். ஆணவ மலத்தின் வடிவம் என்ன என்று கேட்கிறார். பிள்ளை பதில் பேசவில்லை, நின்றுகொண்டிருக்கும் அவரையே உச்சி முதல் கால் வரை பார்க்கிறது. பண்டிதருக்குப் புரிகிறது. அங்கேயே விழுந்து வணங்கி மாணவராகிறார். பரபக்கத்தை எழுதிய கை அதற்குப் பிறகான கை. தன் கல்வியோடு ஒட்டியிருந்த ‘நான்’ கழன்று விழுந்ததால் அவருடைய சிவபக்தி குறையவில்லை. பிறர் பக்கத்தை அவர் முழுதாகக் கேட்க முடிந்ததும் அதனால்தான் என்று கொள்ள இடமிருக்கிறது. சமண ஆசாரியர் ஹரிபத்திரரும் மகாவீரரிடம் தமக்குப் பட்சபாதமில்லை, சாங்கிய முனிவர் கபிலர் முதலியோரிடம் வெறுப்புமில்லை, யாருடைய சொல் யுக்திக்குப் பொருந்துகிறதோ அதை ஏற்பதே முறை என்ற கருத்தை எழுதிவைத்தார். அவர் கடைசிவரை சமணராகவே இருந்தார்.

மூன்றாவது எதிர்ப்பு இக்காலத்து அறிவியலிலிருந்து வருவது. மனிதனின் பகுத்தறிவே வாதாடுவதற்காக உருவானது என்று 2011இல் ஹியூகோ மெர்சியே, டான் ஸ்பெர்பர் இருவரும் எழுதினார்கள். ஒவ்வொருவரும் தன் பக்கத்துக்கான காரணங்களைத் தேடுவதில் கெட்டிக்காரராகவும், அடுத்தவருடைய காரணங்களில் ஓட்டை கண்டுபிடிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரராகவும் இருக்கிறார்கள். அதனால் எதிரெதிர்க் கருத்துள்ளவர்கள் கூடிப் பேசும்போது வேலை பங்கிடப்பட்டு, தனியாளைவிடக் கூட்டம் நல்ல முடிவுக்கு வரும் என்கிறார்கள். அப்படியென்றால் பற்று இருக்கட்டுமே, அதுதானே தோண்டுவதற்கு வலுத் தருகிறது? தோண்டுவதற்கு வலுத் தருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூட்டம் முடிவுக்கு வர வேண்டுமென்றால், நல்ல காரணத்தைக் கேட்டதும் யாராவது ஒருவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லோரும் தோண்டிக்கொண்டே இருந்து யாரும் மேலே ஏறி வராவிட்டால் கிணறு வெட்டியதாகாது. மிலிந்த பஞ்ஹா என்னும் பாலி நூலில் பௌத்த பிக்கு நாகசேனர், அறிஞரைப் போலப் பேசுவதானால் பேசலாம், அரசரைப் போல என்றால் முடியாது என்று மிலிந்த மன்னனிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார். அறிஞர்கள் பேசும்போது முடிச்சு விழும், அவிழும், ஒருவர் பிழை காட்டப்படும், அவர் ஒத்துக்கொள்வார், யாரும் கோபப்பட மாட்டார்கள். அரசர்கள் பேசும்போது மறுத்தவனுக்குத் தண்டனை கிடைக்கும். மிலிந்தன் முதல் வகையை ஏற்றபின்தான் பேச்சு தொடங்குகிறது. பலமாக வாதாடுவதற்கு அங்கே தடையில்லை. முன்கூட்டியே கழற்றி வைக்கச் சொன்னது கிரீடத்தை மட்டும்தான். நம்மில் ஒவ்வொருவர் தலையிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

நான்காவது எதிர்ப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். வயிறு நிறைந்தவன் பசியைப் பற்றிப் பற்றில்லாமல் பேசலாம், பசித்தவனிடம் அதைக் கேட்பது கொடுமை. ஒடுக்கப்பட்டவர் தன் வாழ்வையே பொருளாக வைத்துப் பேசும்போது, நிதானமாகப் பேசு என்று அறிவுரை சொல்வது பல சமயங்களில் அவர் வாயை அடைக்கும் தந்திரமாகவே இருந்திருக்கிறது. இதை மறுக்க முடியாது. ஆனால் இந்த எதிர்ப்புக்கு விடையையும் அந்த இடத்திலிருந்தே ஒருவர் தந்திருக்கிறார். 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. அவர் எழுதிய உரையைப் பார்த்துவிட்டு அழைப்பை விலக்கிக்கொண்டது. பேசப்படாத அந்த உரையை அவர் தம் செலவிலேயே அச்சிட்டார். தமிழில் ‘ஜாதியை ஒழிக்க வழி’ என்று வந்தது அதுதான். காந்தி அதை விமர்சித்து ஹரிஜன் இதழில் எழுதினார். 1937இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, காந்தியின் விமர்சனத்தையும் சேர்த்து அச்சிட்டு, அதற்குத் தம் பதிலை வைத்தார் அம்பேத்கர். அந்தப் பதிலில் தணிவு கிடையாது, ஒவ்வொரு வரியும் சூடு. ஆனால் வாசகன் கையில் இரண்டு பக்கமும் இருக்கின்றன. எதிராளி சொன்னதை அவன் வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. நோவு வேறு, பக்கத்தின்மேல் பற்று வேறு என்பது இங்கே தெளிவாகிறது. நோவு சாட்சியம், அதை யாரும் கீழே வைக்க வேண்டாம். தன் வாதம் வலுவானது என்று தெரிந்தவர் எதிர்வாதத்தை மறைக்க வேண்டிய தேவை இல்லாதவர். பற்றில்லாமல் பேசும் கடமை யாருக்கு முதலில் என்று கேட்டால், இழப்பதற்குக் குறைவாக உள்ளவருக்கும் அதிகாரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும்தான் அது முதலில். அவர்கள்தான் பெரும்பாலும் அதை மற்றவருக்குப் பாடமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கடைசி எதிர்ப்பு நடைமுறை சார்ந்தது. எதிரில் இருப்பவன் உண்மையைத் தேடி வரவில்லை, கெடுக்கவே வந்திருக்கிறான் என்றால் என்ன செய்வது? கௌதமரே இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். முளைவிடும் விதையைக் காக்க முட்கிளைகளால் வேலி போடுவதுபோல, கண்டறிந்த உண்மையைக் காக்க ஜல்பமும் விதண்டையும் உதவும் என்கிறார். ஒப்புக்கொள்ள வேண்டிய சலுகைதான். ஆனால் உவமையை முழுதாகப் பார்க்க வேண்டும். வேலி பயிருக்காக. நிலம் முழுக்க முள்ளையே நட்டவன் அறுவடைக்கு எதை வைத்திருப்பான்? வேலியே பயிரை மேய்ந்த கதையும் நமக்குத் தெரியாததல்ல. அடையபலத்து அப்பைய தீட்சிதர் 16ஆம் நூற்றாண்டில் த்வைதம், விசிஷ்டாத்வைதம், சிவாத்வைதம், அத்வைதம் ஆகிய நான்கு மதங்களின் சாரத்தையும் தனித்தனியே, அந்தந்த மதத்தார் சொல்வதுபோலவே எழுதினார். த்வைதத்தின் முகத்தை நசுக்குவது என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கண்டன நூலும் எழுதினார். இரண்டும் ஒரே கைதான். த்வைதம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவனுக்கு இவற்றில் எதைக் கொடுப்போம் என்று கேட்டுக்கொண்டால், வேலி எது, பயிர் எது என்பது விளங்கிவிடும். வாதத்தில் தோற்ற எண்ணாயிரம் சமணர் மதுரையில் கழுவேறினார்கள் என்று பெரிய புராணம் சொல்கிறது. அது நடந்ததா, புனைவா என்று அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், வாதத்தின் முடிவில் ஒரு கழுமரத்தைக் கற்பனை செய்ய முடிந்த மனத்தைப் பற்றி நாம் கவலைப்பட்டே ஆக வேண்டும். உயிரைப் பந்தயமாக வைத்த சபையில் யாராலும் ‘நீங்கள் சொல்வது சரிதான்’ என்று சொல்ல முடியாது.

அந்தச் சொல்லைச் சொன்ன ஒருத்தியைப் பற்றிப் பௌத்த மரபில் ஒரு கதை இருக்கிறது. குண்டலகேசிக் காப்பியத்துக்குப் பெயர் தந்த பெண்ணேதான் அவள். பாலி உரைகள் அவளைப் பத்தா குண்டலகேசா என்கின்றன. ஊர் ஊராகப் போய், ஊர்வாசலில் மணலைக் குவித்து, அதன்மேல் ஒரு நாவல் கிளையை நட்டு வைப்பாள். என்னோடு வாதாட வல்லவர் இதை மிதிக்கட்டும் என்பது அதன் பொருள். கிளை வாடினால் வேறு கிளை. எதிர்ப்பட்டவர்களையெல்லாம் வென்று, எதிராளியே கிடைக்காமல் அலைந்தாள். சாவத்தி நகரில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் சொன்னபடி சிறுவர்கள் அந்தக் கிளையை மிதித்துவிட்டார்கள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் தனக்குத் தெரிந்த கேள்விகளையெல்லாம் கேட்டாள், அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஒன்று என்பது என்ன? அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். ஜல்பம் பழகிய நாக்குக்கு அந்த இடத்தில் எத்தனையோ வழிகள் இருந்திருக்கும். சொல்லைத் திரித்திருக்கலாம், கேள்வியையே கேலி செய்திருக்கலாம். அவள் அதைக் கற்க வேண்டும் என்று கேட்டுத் துறவு பூண்டாள். விரைவில் ஞானம் அடைந்த பிக்குணிகளில் முதன்மையானவள் என்று அவளைப் புத்தர் சொன்னதாக அந்த மரபு நினைவில் வைத்திருக்கிறது. ஊர் ஊராக வென்றபோது அவள் கையில் இருந்தது ஒரு வாடும் கிளை. வாதத்தில் தோற்றால் எதை இழப்போம் என்று அஞ்சுகிறோமோ, அவள் இழந்தது அதை மட்டும்தான்: சாவத்தியின் வாசலில், மணற்குவியலின்மேல், சிறுவர்களின் காலடியில் நசுங்கிக் கிடந்த நாவல் இலைகள்.